க்ளோஸ் வெற்றியுடன் திரும்பிய பிறகும் கோப்பின் அளவு 0: கர்னல் எப்போதுதான் தரவை வட்டில் எழுதுகிறது?

கேள்வி: உணரிப்பதிவு

வணக்கம். 1 ஜிபி நினைவகம் கொண்ட ஒற்றைப்பலகைக் கணினி ஒன்றில், உணரிகளின் அளவீடுகளைப் பதிவு செய்யும் சி நிரல் ஒன்றை ஓட்டி வருகிறேன். இயங்குதளம் லினக்ஸ், சேமிப்பு ஓர் எஸ்டி அட்டை, அதில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. நொடிக்கு ஓர் அளவீடு வீதம் நினைவகத்தில் சேர்த்து வைத்து, 10 நிமிடங்களுக்கு ஒருமுறை புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, சுமார் 40 கிலோபைட் அளவுள்ள அந்தத் தொகுதியை ரைட் அழைப்பின் மூலம் எழுதி, க்ளோஸ் செய்துவிட்டு, "கோப்பு எழுதப்பட்டது" என்ற செய்தியை வலையமைப்பின் வழியே இன்னொரு கணினிக்கு அனுப்புகிறேன். ரைட், க்ளோஸ் இரண்டும் திருப்பித் தரும் மதிப்புகளைத் தவறாமல் சரிபார்க்கிறேன்.

சென்ற வாரம் மின்சாரம் திடீரென நின்றது. செய்தி வந்துசேர்ந்த நேரத்துக்கும் மின்சாரம் போன நேரத்துக்கும் இடையே 20 நொடிகள் இருந்தன. ஆயினும் கணினியை மீண்டும் இயக்கிப் பார்த்தபோது, கடைசிக் கோப்பின் பெயர் அடைவில் இருந்தது, அளவு மட்டும் 0 ஆக இருந்தது. அதற்கு முந்தைய கோப்புகள் அனைத்தும் முழுமையாக இருந்தன. நிரலை நிறுவுவதற்கு முன்பே, க்ளோஸ் முடிந்தவுடன் கில் -9 கொடுத்து நிரலைக் கொன்று சோதித்திருக்கிறேன்; அப்போதெல்லாம் ஒரு பைட்டுகூட இழக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை நம்பியிருந்தேன்.

இதனுடன் இன்னொரு குழப்பமும் உண்டு. இரவில் பழைய கோப்புகளைச் சுருக்கி, அதே அட்டையில் ஒரே பெரிய தொகுப்பாக எழுதும் வேலை ஒன்று ஓடுகிறது. அது ஓடும் நேரத்தில், வழக்கமாகக் கண்ணிமைக்கும் முன் திரும்பிவிடும் என் ரைட் அழைப்பு, சில வேளைகளில் மூன்று நான்கு நொடிகள் நின்றுவிடுகிறது. ரைட் என்பது நினைவகத்தில் மட்டுமே எழுதுகிறது என்றால் அது ஏன் நிற்க வேண்டும்? அட்டையில் எழுதுகிறது என்றால் என் கோப்பு ஏன் காணாமல் போக வேண்டும்? இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று விளங்கவில்லை.

மறுமொழி 1: கருவகவாசி

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மைதான். அதைப் புரிந்துகொண்டால் உங்கள் இரு கேள்விகளுக்கும் விடை ஒன்றாகவே வந்துவிடும்.

ரைட் அழைப்பு வெற்றியுடன் திரும்பினால், "உங்கள் பைட்டுகளைப் பெற்றுக்கொண்டேன்" என்று இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் சொல்கிறது, அவ்வளவுதான். உங்கள் நிரலின் நினைவகத்திலிருந்து அந்த 40 கிலோபைட்டும், கோப்புத் தரவை நினைவகத்தில் வைத்திருக்கக் கர்னல் ஒதுக்கும் பேஜ் கேஷ் என்ற பகுதியில், ஒவ்வொன்றும் 4096 பைட்டுகள் கொண்ட பத்துப் பக்கங்களாக நகலெடுக்கப்படுகிறது. அந்தப் பக்கங்கள் "டர்ட்டி" என்று குறிக்கப்படுகின்றன. அழுக்கு என்ற பெயரைக் கேட்டு, பக்கம் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. வட்டில் இருப்பதைவிட நினைவகத்தில் இருப்பது புதியது, இரண்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை என்பதே அதன் பொருள். க்ளோஸ் அழைப்பு இந்தப் பக்கங்களைத் தொடுவதே இல்லை. கோப்புக்கும் உங்கள் நிரலுக்கும் உள்ள தொடர்பை மட்டும் அறுக்கிறது.

கில் -9 சோதனை உங்களை ஏமாற்றியது இதனால்தான். நிரல் இறந்தாலும் அதன் பக்கங்கள் கர்னலின் கையில் பத்திரமாக இருக்கின்றன. அந்தச் சோதனை, நிரல் சாகும்போது என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை தந்தது. கர்னலே சாகும்போது என்ன ஆகும் என்பதை அது தொடவே இல்லை.

இனி, அந்த 20 நொடிகளுக்கு வருவோம். கர்னலில் ஒவ்வொரு சேமிப்புச் சாதனத்துக்கும் எழுதித் தள்ளும் பின்னணி வேலையாள் ஒன்று உண்டு. ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் டாப் கட்டளையில் "கேவொர்க்கர்" என்று தொடங்கி "ஃப்ளஷ்-179:0" போன்ற வாலுடன் எப்போதாவது தலைகாட்டுவது அதுதான். 179 என்பது உங்கள் அட்டை போன்ற எம்எம்சி சாதனங்களின் எண். ஒரு காலத்தில் பிடிஃப்ளஷ் என்ற பெயரில் எல்லா வட்டுகளுக்கும் பொதுவான வேலையாட்கள் இருந்தார்கள். மெதுவான ஒரு வட்டில் அவர்கள் சிக்கிக்கொண்டால் மற்ற வட்டுகள் காத்துக் கிடக்கும் என்பதால், 2009இல் வந்த 2.6.32 பதிப்பில் சாதனத்துக்கு ஒருவர் என்று மாற்றினார்கள்.

இந்த வேலையாளை எழுப்பும் காரணங்கள் சில உண்டு. முதலாவது கடிகாரம். டர்ட்டி ரைட்பேக் சென்டிசெக்ஸ் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 500, அதாவது 5 நொடிக்கு ஒருமுறை அது விழித்துப் பார்க்கும். விழித்தவுடன் எல்லாவற்றையும் எழுதிவிடாது. டர்ட்டி எக்ஸ்பயர் சென்டிசெக்ஸ் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பான 3000, அதாவது 30 நொடிகளைத் தாண்டி அழுக்காகக் கிடக்கும் கோப்புகளை மட்டுமே எடுக்கும். இந்த வயது பக்கத்துக்குப் பக்கம் கணக்கிடப்படுவதில்லை. கோப்பு முதன்முதலில் அழுக்கான நேரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆக, அமைதியான கணினியில் நீங்கள் எழுதிய தரவு அட்டையை நோக்கிப் புறப்படவே 30 முதல் 35 நொடிகள் ஆகலாம். உங்களுக்குக் கிடைத்ததோ 20.

பெயர் மட்டும் எப்படித் தப்பியது என்றால், அது வேறு வழியில் சென்றது. எக்ஸ்ட்4 முறைமையின் ஜர்னல், அதாவது மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு, இயல்பாக 5 நொடிக்கு ஒருமுறை மேல்விவரங்களை (கோப்பின் பெயர், அளவு, இடம் போன்றவற்றை) உறுதிசெய்கிறது. புதிய கோப்பு உருவானது, அடைவில் பெயர் சேர்ந்தது என்ற செய்திகள் அதில் ஏறிவிட்டன. ஆனால் எக்ஸ்ட்4 தாமத ஒதுக்கீடு என்ற உத்தியைப் பின்பற்றுவதால், தரவுக்கு அட்டையில் எந்த இடம் என்பதைப் பக்கங்களை எழுதும் கணம் வரை தீர்மானிப்பதில்லை. இடம் ஒதுக்கப்படாத வரை வட்டில் பதிவாகும் கோப்பின் அளவும் உயர்வதில்லை. 5 நொடிக் கடிகாரம் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது, 30 நொடிக் கடிகாரம் தரவை விட்டுவிட்டது. நீங்கள் கண்ட 0 அளவுக் கோப்பு இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்த ஒன்று.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். கணினி சும்மா இருக்கும்போது ஒரு முனையத்தில், ப்ராக் அடைவில் உள்ள மெம்இன்ஃபோ கோப்பின் "டர்ட்டி", "ரைட்பேக்" என்ற இரு வரிகளை நொடிக்கு ஒருமுறை காட்டச் செய்துவிட்டு, இன்னொரு முனையத்தில் டிடி கட்டளையைக் கொண்டு 40 மெகாபைட் கோப்பு ஒன்றை எழுதுங்கள். கட்டளை உடனே முடிந்துவிடும். டர்ட்டி வரி ஏறத்தாழ 40960 கிலோபைட்டுக்குத் தாவி, அங்கேயே அசையாமல் நிற்கும். ஒன்றுமே நடக்காதது போல அரை நிமிடம் போகும். பிறகு ரைட்பேக் வரி உயரும், டர்ட்டி வரி சரியும், அட்டையின் விளக்கு அப்போதுதான் மின்னும். இதே சோதனையை மறுபடி செய்து, இந்த முறை பத்தாவது நொடியில் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். டர்ட்டி வரி அக்கணமே கீழே இறங்கிவிடும். அந்த 40 மெகாபைட்டில் ஒரு பைட்டும் அட்டையைத் தொட்டிருக்காது. காத்திருப்பதால் கர்னலுக்கு என்ன ஆதாயம் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது. தொகுப்பான்களும் பிற நிரல்களும் உருவாக்கி உடனே அழிக்கும் தற்காலிகக் கோப்புகளில் பல இப்படித்தான் வட்டைப் பார்க்காமலேயே வாழ்ந்து முடிகின்றன. அதேபோல், 200 பைட் வரிகள் இருபதை அடுத்தடுத்து எழுதினால், அவை ஒரே பக்கத்தில் சேர்ந்து, இருபது முறைக்குப் பதில் ஒருமுறை எழுதப்படுகின்றன. எழுதியெழுதித் தேயும் எஸ்டி அட்டைக்கு இது சிறிய உதவி அல்ல.

இரண்டாவது கேள்விக்குக் காரணம் கடிகாரம் அல்ல, அளவு. அழுக்குப் பக்கங்கள் எல்லையின்றிப் பெருகினால், நினைவகம் முழுவதும் எழுத வேண்டிய பாக்கியாகவே நிறைந்துவிடும். ஆகவே இரண்டு வரம்புகள் வைத்திருக்கிறார்கள். டர்ட்டி பேக்கிரவுண்ட் ரேஷியோ, இயல்பாக 10 விழுக்காடு. இதைத் தாண்டினால் வயதைப் பாராமல் பின்னணி வேலையாள் எழுதத் தொடங்குவார். டர்ட்டி ரேஷியோ, இயல்பாக 20 விழுக்காடு. இதைத் தாண்ட யாரையும் விடுவதில்லை. விழுக்காடு என்பது மொத்த நினைவகத்தில் அல்ல, காலியாக உள்ளதும் கோப்புப் பக்கங்களுக்காகத் திரும்பப் பெறக்கூடியதுமான பகுதியில் கணக்கிடப்படுகிறது. உங்களிடம் அது 800 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், வரம்புகள் 80, 160 மெகாபைட் ஆகும்.

ஆனால் 160ஐ எட்டும் வரை எல்லாம் சீராகப் போய், அங்கே சுவரில் முட்டுவது போல நிற்பதில்லை. இரண்டு வரம்புகளுக்கும் நடுப்புள்ளியை, அதாவது 120 மெகாபைட்டைத் தாண்டியதுமே, எழுதும் நிரல்களைக் கர்னல் சிறிது சிறிதாக உறங்க வைக்கத் தொடங்குகிறது. சாதனம் எந்த வேகத்தில் எழுதுகிறது என்பதை அளந்து, அதற்கேற்ப ஒவ்வொரு நிரலும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கணக்கிடுகிறது; ஒருமுறைக்கு அதிகபட்சம் 200 மில்லிநொடி. எழுந்ததும் மறுபடி கணக்குப் பார்க்கிறது. நிலைமை மோசமாகவே இருந்தால் மறுபடி உறக்கம். இந்த முறை 2012 சனவரியில் வெளிவந்த 3.2 பதிப்பில் வந்தது. அதற்கு முன்பு, வரம்பைத் தாண்டிய நிரலையே பிடித்து வட்டில் எழுதும் வேலையைச் செய்ய வைத்தார்கள். பலர் ஒரே நேரத்தில் வட்டின் வெவ்வேறு மூலைகளில் எழுத, வட்டின் தலை இங்குமங்கும் அலைந்து, எல்லாருடைய வேகமும் படுத்துவிடும்.

உங்கள் சுருக்கும் வேலை அட்டையால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் பக்கங்களை அழுக்காக்குகிறது. நொடிக்கு 10 மெகாபைட் எழுதும் அட்டையில் 160 மெகாபைட் பாக்கி என்றால், தீர்க்க 16 நொடி வேண்டும். அதே அட்டையில் எழுதும் உங்கள் சிறிய நிரலும் அந்த வரிசையில் நிற்க நேர்கிறது. ரைட் நினைவகத்தில்தான் எழுதுகிறது. ஆனால் நினைவகத்தில் எழுத அனுமதிச் சீட்டு வாங்க வேண்டிய நேரமும் உண்டு.

மறுமொழி 2: தரவுத்தளப்பணி

மேலே உள்ள விளக்கம் சரியானது. ஆனால் கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. தரவு வட்டை அடைந்ததா என்று அறிய நிரலுக்கு இருக்கும் வழி எஃப்சிங்க் அழைப்புத்தான். அது அந்தக் கோப்பின் அழுக்குப் பக்கங்களையும் அதன் மேல்விவரங்களையும் எழுதச் சொல்லி, முடியும் வரை காத்திருந்து, கடைசியில் வட்டின் உள்ளே இருக்கும் தற்காலிக நினைவகத்தையும் வெளியேற்றச் சொல்லும் ஆணையை அனுப்பிய பிறகே திரும்புகிறது. எஃப்டேட்டாசிங்க், மாற்றப்பட்ட நேரம் போன்ற, தரவைத் திரும்பப் படிக்கத் தேவைப்படாத விவரங்களை விட்டுவிடுகிறது; கோப்பு நீண்டிருந்தால் புதிய அளவை அதுவும் எழுதவே செய்யும்.

உங்கள் நிரலில், இறுதிப் பெயரில் நேரடியாக எழுதாதீர்கள். அதே அடைவில் ஒரு தற்காலிகப் பெயரில் கோப்பைத் திறந்து, எழுதி, எஃப்சிங்க் செய்து, க்ளோஸ் செய்து, ரீநேம் மூலம் இறுதிப் பெயருக்கு மாற்றி, அதன் பிறகு அந்த அடைவையே திறந்து அதன் மேலும் ஓர் எஃப்சிங்க் செய்யுங்கள். கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கோப்பின் பெயர் கோப்பில் இல்லை, அடைவில் இருக்கிறது. அடைவும் அழுக்காகக் கிடக்கும் தரவுதான். இவை அனைத்தும் முடிந்த பிறகே அந்த வலையமைப்புச் செய்தியை அனுப்புங்கள். இப்போது நீங்கள் அனுப்புவது உண்மையில் "கர்னலிடம் ஒப்படைத்தேன்" என்ற செய்தி.

எக்ஸ்ட்4 முறைமையில் ரீநேம் மட்டும் போதும், எஃப்சிங்க் தேவையில்லை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கலாம். 2009இல், தாமத ஒதுக்கீட்டினால் பலருடைய அமைப்புக் கோப்புகள் 0 அளவாகிப் பெரிய சர்ச்சை எழுந்தபோது, ஏற்கனவே உள்ள கோப்பின் மேல் ரீநேம் செய்தால் புதிய தரவுக்கு உடனே இடம் ஒதுக்கும் ஏற்பாட்டை 2.6.30 பதிப்பில் சேர்த்தார்கள். அந்தச் சலுகை பழைய கோப்பை மாற்றுவோருக்கு. ஒவ்வொரு முறையும் புதுப்பெயர் வைக்கும் உங்களுக்கு அது பொருந்தாது.

இன்னொன்று, என் அனுபவத்தில் இதுவே முக்கியமானது: எஃப்சிங்க் திருப்பித் தரும் மதிப்பைப் பாருங்கள், அது பிழை என்றால், மறுபடியும் எஃப்சிங்க் செய்து "இப்போது சரியாகிவிட்டது" என்று ஒருபோதும் முடிவு கட்டாதீர்கள். பின்னணியில் எழுதும்போது வட்டு பிழை தந்தால், எக்ஸ்ட்4 உள்ளிட்ட பல கோப்பு முறைமைகளில் அந்தப் பக்கம் அழுக்கற்றதாகக் குறிக்கப்பட்டுவிடும். அடுத்த எஃப்சிங்க் எழுத வேண்டியது எதுவும் இல்லை என்று கண்டு வெற்றி என்று சொல்லும். தரவோ எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் பல ஆண்டுகளாக, தோற்ற எஃப்சிங்கைத் திரும்பச் செய்தால் போதும் என்ற நம்பிக்கையில் இருந்தது. 2018இல் அது வெளிச்சத்துக்கு வந்தபோது, கர்னல் எழுதுவோரும் தரவுத்தளம் எழுதுவோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். 2019 பிப்ரவரி வெளியீடுகளிலிருந்து அந்தத் தரவுத்தளம், எஃப்சிங்க் தோற்றால் வேண்டுமென்றே நின்றுபோய், மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் முன்னெழுத்துப் பதிவிலிருந்து மீண்டெழுகிறது. கர்னல் பக்கத்தில், 4.13 பதிப்பில் பிழைப் பதிவை மாற்றி அமைத்ததால், கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பிழை ஒருமுறையாவது தெரிவிக்கப்படுகிறது. அதற்கு முன், யாரோ ஒருவர் முதலில் கேட்டு வாங்கிக்கொண்டால், மற்றவருக்குப் பிழையே தெரியாமல் போகும் நிலை இருந்தது.

உங்களுக்கு இதன் பொருள் எளிது. எஃப்சிங்க் தோற்றால், உங்கள் நிரலின் நினைவகத்தில் இன்னும் இருக்கும் அந்த 40 கிலோபைட்டைப் புதிய கோப்பொன்றில் முதலிலிருந்து எழுதுங்கள். எஃப்சிங்க் வெற்றி பெறும் வரை அந்த நினைவகத்தை விடுவிக்காதீர்கள்.

மறுமொழி 3: உணரிப்பதிவு, கேட்டவர்

இருவருக்கும் நன்றி. 40 மெகாபைட் சோதனையைச் செய்து பார்த்தேன். டர்ட்டி வரி அரை நிமிடத்துக்கும் சற்று மேலாக அப்படியே நின்றதைப் பார்த்தபோது, இத்தனை நாள் எதை நம்பி உறங்கினேன் என்று தோன்றியது.

ஓர் ஐயம். நிரலை மாற்றாமல், டர்ட்டி எக்ஸ்பயர் மதிப்பை 100 ஆகவும், டர்ட்டி ரைட்பேக் மதிப்பை 100 ஆகவும் குறைத்தால், ஒன்றிரண்டு நொடிகளில் எல்லாம் எழுதப்பட்டுவிடும் அல்லவா? எஃப்சிங்க் ஒவ்வொன்றும் என் அட்டையில் சில பத்து மில்லிநொடிகள் எடுக்கிறது. சுருக்கும் வேலை ஓடும்போது அதைவிடப் பலமடங்கு எடுக்கிறது. அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க முடியுமா என்று பார்க்கிறேன்.

மறுமொழி 4: கருவகவாசி

எழுதப்படும், ஆனால் எழுதப்பட்டதா என்று உங்களுக்குத் தெரியாது. அந்த மதிப்புகளைக் குறைப்பதால் இழப்புக்கான சாளரம் சுருங்குகிறதே தவிர மூடுவதில்லை. பிழை வந்தால் யாரும் உங்களிடம் சொல்லப்போவதும் இல்லை, எது முன் எது பின் என்ற ஒழுங்கும் கிடைக்காது. தவிர, அந்த அமைப்பு கணினி முழுவதற்கும் பொருந்துவது. நேற்று வரை வட்டைப் பார்க்காமல் மறைந்த தற்காலிகக் கோப்புகளெல்லாம் இனி அட்டையைத் தேய்க்கும். ஒரு நிரலின் தேவைக்கு ஊருக்கே ஊரடங்கு போடுவது போன்றது இது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை சில பத்து மில்லிநொடிகள் என்பது உங்கள் அளவில் ஒன்றுமே இல்லை. அளவீட்டை எடுக்கும் வேலையைத் தனி இழையில் (நிரலுக்குள்ளேயே இணையாக ஓடும் தனி ஓட்டத்தில்) வைத்துவிட்டால், எஃப்சிங்க் எவ்வளவு நேரம் நின்றாலும் ஓர் அளவீடுகூடத் தவறாது.

மாற்ற வேண்டியது வேறு அமைப்பு. மெதுவான அட்டைக்கு 80, 160 மெகாபைட் என்ற பாக்கி மிக அதிகம். டர்ட்டி பேக்கிரவுண்ட் பைட்ஸ் என்பதற்கு 16 மெகாபைட்டும், டர்ட்டி பைட்ஸ் என்பதற்கு 48 மெகாபைட்டும் பைட் கணக்கில் கொடுத்துப் பாருங்கள். இவற்றைக் கொடுத்தவுடன் அவற்றுக்கு இணையான ரேஷியோ மதிப்புகள் 0 என்று காட்டும். அது பிழையல்ல, ஒரே வரம்பை இரண்டு அலகுகளில் சொல்ல முடியாது என்பதால் கர்னல் ஒன்றை அணைத்துவிடுகிறது. வரிசை குறுகியதாக இருந்தால், வரிசையில் நிற்கும் உங்கள் எஃப்சிங்கும் விரைவில் திரும்பும். எக்ஸ்ட்4 முறைமையில் எஃப்சிங்க் தன் கோப்புக்கு மட்டும் காத்திருப்பதாகத் தோன்றினாலும், ஜர்னல் பொதுவானது. மேல்விவரத்தை உறுதிசெய்யும் முன் தரவை எழுதிவிடும் இயல்பான ஆர்டர்டு முறையில், அதே உறுதிசெய்தலில் சேர்ந்திருக்கும் பிறருடைய புதிய தரவுக்காகவும் அது காத்திருக்க நேரிடும். எக்ஸ்ட்4க்கு முந்தைய எக்ஸ்ட்3 காலத்தில் இந்தப் பிணைப்பு இன்னும் இறுக்கமாக இருந்தது. 2008இல் வந்த ஃபயர்பாக்ஸ் 3 அடிக்கடி எஃப்சிங்க் செய்ததால், பின்னணியில் பெரிய நகலெடுப்பு ஓடும்போது உலாவியே உறைந்து நின்றது பலருக்கு நினைவிருக்கும்.

சுருக்கும் வேலையையும் கொஞ்சம் திருத்தலாம். ஒவ்வொரு சில மெகாபைட்டுக்கும் ஒருமுறை சிங்க் ஃபைல் ரேஞ்ச் என்ற அழைப்பினால் அந்தப் பகுதியை எழுதத் தொடங்கச் சொன்னால், பாக்கி மலைபோல் குவியாமல் சீராக வடியும். ஆனால் இந்த அழைப்பை எஃப்சிங்குக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. அது மேல்விவரங்களை எழுதாது, வட்டின் உள்நினைவகத்தையும் வெளியேற்றாது. அதன் கையேட்டுப் பக்கமே அதை மிக ஆபத்தானது என்று எச்சரிக்கிறது.

மறுமொழி 5: பழையயூனிக்ஸ்

அந்த 30 நொடி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பழைய யூனிக்ஸ் கணினிகளில் அப்டேட் என்ற சிறு நிரல் 30 நொடிக்கு ஒருமுறை சிங்க் அழைப்பைச் செய்துவிட்டு மறுபடி உறங்கும். அதைத் தவிர அதற்கு வேலையே இல்லை. அக்காலச் சிங்க் "எழுத ஏற்பாடு செய்தேன்" என்று சொல்லி உடனே திரும்பிவிடும் என்பதால், கணினியை நிறுத்தும் முன் அதை மூன்று முறை தட்டச்சு செய்யும் பழக்கம் எங்களிடம் இருந்தது. மூன்றாவது முறை தட்டி முடிப்பதற்குள் முதலாவது முடிந்திருக்கும் என்ற நம்பிக்கை! இன்றைய லினக்ஸில் சிங்க் முடியும் வரை காத்திருக்கும், ஒருமுறை போதும்.

மற்ற இயங்குதளங்களிலும் இதே கதைதான், கணக்கு மட்டும் வேறு. விண்டோஸில் லேசி ரைட்டர் என்ற வேலையாள் நொடிக்கு ஒருமுறை விழித்து, அண்மையில் எழுதப்படாத பக்கங்களில் எட்டில் ஒரு பங்கை எழுதும் வரிசையில் சேர்க்கிறது. அங்கே எஃப்சிங்கின் வேலையைச் செய்வது ஃப்ளஷ் ஃபைல் பஃபர்ஸ். மேக்ஓஎஸ்ஸில் எச்சரிக்கை தேவை. அங்கே எஃப்சிங்க் தரவை வட்டுக்கு அனுப்புவதோடு நின்றுவிடும்; வட்டின் உள்நினைவகத்திலிருந்து நிலையான ஊடகத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் எஃப் ஃபுல்எஃப்சிங்க் என்ற தனி ஆணையை எஃப்கன்ட்ரோல் வழியே கொடுக்க வேண்டும். நிரலை ஒரு நாள் வேறு கணினிக்கு மாற்றினால் இதை மறந்துவிடாதீர்கள்.

சி நூலகத்தின் எஃப்ரைட் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல்: அங்கே கர்னலுக்கு முன்பே இன்னொரு இடைத்தேக்கம் இருக்கிறது. எஃப்ஃப்ளஷ் அதைக் கர்னல் வரை மட்டுமே தள்ளும். கேட்டவர் நேரடியாக ரைட் அழைப்பதால் இந்தப் படி அவருக்கு இல்லை. இருந்திருந்தால், கோப்பை மூடும் முன் கில் -9 கொடுக்கும்போதே இடைத்தேக்கத்தில் கிடந்த தரவை இழந்திருப்பார்.

மறுமொழி 6: உணரிப்பதிவு, கேட்டவர்

நீங்கள் சொன்ன ஒழுங்கிலேயே மாற்றி எழுதினேன்: தற்காலிகப் பெயர், எழுத்து, எஃப்சிங்க், க்ளோஸ், ரீநேம், அடைவின் மேல் எஃப்சிங்க், பிறகே செய்தி. வரம்புகளையும் 16, 48 மெகாபைட் என்று குறைத்தேன். சோதிப்பதற்காகக் கோப்பு எழுதும் இடைவெளியை 5 நொடியாக்கி, மின்கம்பியைப் பத்து முறை பிடுங்கினேன். செய்தி வந்துசேர்ந்த கோப்பு ஒவ்வொன்றும் பத்து முறையும் முழுமையாக இருந்தது. இரண்டு முறை மட்டும், செய்தி வராத ஒரு கோப்பு தற்காலிகப் பெயருடன் 0 அளவில் கிடந்தது. இரவு வேலையின்போது எழுதும் இழை இன்னமும் சில நேரங்களில் அரை நொடி நிற்கிறது. அளவீட்டு இழை தனியாகிவிட்டதால் பதிவில் இடைவெளி இல்லை.

அந்த 0 அளவுத் தற்காலிகக் கோப்புகளை, நிரல் தொடங்கும்போது பார்த்த மாத்திரத்தில் அழித்துவிடலாம் அல்லவா?

மறுமொழி 7: தரவுத்தளப்பணி

அழித்துவிடலாம். 0 அளவில் இருப்பவற்றை மட்டுமல்ல, தற்காலிகப் பெயருடன் இருக்கும் அனைத்தையும் அழியுங்கள். முழுமையாக எழுதப்பட்டதுபோல் தெரிந்தாலும், ரீநேம் வரை வராத கோப்புக்கு நீங்கள் யாரிடமும் வாக்குக் கொடுக்கவில்லை. அழிக்கும் முன் அதே பெயரில் வேறொரு நிரல் இப்போது எழுதிக்கொண்டிருக்கவில்லை என்பதை மட்டும் ஒரு பூட்டுக் கோப்பினால் உறுதிசெய்துகொள்ளுங்கள்.